சித்திரையிலும் பச்சை: கொழிஞ்சியைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

கத்திரி வெயில் நாட்களில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டிலிருந்து ஆரோவில் மேட்டுக்கு ஏறினாலும் சரி, கடலூரில் கேப்பர் மலைச் சரிவில் நடந்தாலும் சரி, ஒரே காட்சிதான். புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிட்டிருக்கும். மழைக்காலத்தில் இடுப்பளவு நின்ற நாயுருவி வெறும் குச்சியாக நிற்கும். அந்தச் செம்மண் ஓரத்தில் முழங்கால் உயரச் செடி ஒன்று மட்டும் கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சையில், நுனியில் நாலைந்து ஊதாப் பூவோடு, எதுவும் நடக்காதது மாதிரி நின்றுகொண்டிருக்கும். அதுதான் கொழிஞ்சி.

ஊருக்கு ஊர் கொளுஞ்சி, கொளிஞ்சி, காவாளை என்று பெயர் மாறும். நாட்டு மருந்துக் கடையில் கொள்ளுக்காய்வேளை என்று கேட்டால் இதன் வேரைத்தான் எடுத்துத் தருவார்கள். தாவரவியல் பெயர் டெஃப்ரோசியா பர்புரியா. அவரை, துவரை, உளுந்து, நிலக்கடலை எல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பத்துச் செடி. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாக ஆஸ்திரேலியா வரை வெயில் காயும் நிலங்களில் தானாக முளைப்பது.

வறண்ட நிலத்துச் செடி என்றவுடன் எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். வேர் ஆழம் போகும், இலை சின்னது, முடிந்தது கதை என்பார்கள். கொழிஞ்சியைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். இந்த மண்ணில் தண்ணீரைப் போலவே தழைச்சத்துக்கும் பஞ்சம். எல்லாம் காய்ந்த நேரத்தில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றால் ஊரிலுள்ள ஆடுமாடெல்லாம் அதைத்தான் தேடி வரும். விதை விழுந்தாலும் எந்த மழையை நம்பி முளைப்பது என்ற சிக்கல் இருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் இந்தச் செடி ஒரு வழி வைத்திருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது

ஒன்றிலிருந்து இரண்டடி உயரம். அடித்தண்டு கட்டை போட்டிருக்கும். அங்கிருந்தே கிளைகள் பிரிந்து சின்னப் புதராகப் பரவும். காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். புளிய இலையில் அவை சோடி சோடியாகவே முடிந்துவிடும். கொழிஞ்சியில் நுனியில் ஒற்றைச் சிற்றிலை ஒன்று கூடுதலாக நிற்கும்.

சந்தேகமே வராமல் அடையாளம் காண ஒரு சோதனை உண்டு. ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். அது குறுக்கே நேராகக் கிழியாது. நடுநரம்பிலிருந்து சாய்வாக, மிக நெருக்கமாக ஓடும் பக்க நரம்புகளின் வழியே கிழியும். கையில் வந்த துண்டின் அடிப்பக்கம் கூராக இருக்கும். செடியில் மிஞ்சிய பாதியில் அதற்குப் பொருத்தமான ‘வி’ வெட்டு இருக்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினால் அரை மணி நேரத்துக்கு வேறு வேலை பார்க்க மாட்டார்கள்.

பூ ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அமைப்பு முழுக்க முழுக்கப் பயறுக் குடும்பத்துக்கே உரியது. மேலே விரிந்து நிற்பது கொடியிதழ். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகிதழ்கள். அடியில் இரண்டு இதழ்கள் ஒட்டிப் படகு போல் குவிந்திருக்கும். பத்து மகரந்தத்தாள்களும் சூலகமும் அதற்குள்தான். தேனீ வந்து உட்கார்ந்ததும் அதன் பாரத்தில் படகு கீழே இறங்கும், உள்ளே இருப்பது வெளியே நீண்டு தேனீயின் வயிற்றில் மகரந்தத்தைத் தடவும். கொழிஞ்சிப் பூவில் இதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அகத்திப்பூ வாங்குகிற வீடாக இருந்தால், பொரியலுக்கு நறுக்குமுன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அதே அமைப்புதான், நன்றாகப் பெரிதாக இருக்கும்.

காய் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம், தட்டையானது, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். முற்றிக் காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து முறுக்கிக்கொண்டு விதையைச் சிதறும்.

இதை அவுரியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவுரியும் இதே குடும்பம், இதே உயரம், ஏறக்குறைய இதே இலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவுரி நீலம் தோய்த்த துணி புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலேறியது. அந்த அளவுக்கு இந்தப் பக்கம் விளைந்த செடி அது. அவுரியின் பூங்கொத்து இலையை விடக் குட்டையானது, இலைக்கணுவிலிருந்து வரும். காய் தட்டையாக இல்லாமல் உருட்சியாக இருக்கும். கொழிஞ்சியில் பூக்காம்பு இலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து நீளமாகப் புறப்படும். காய் இருந்தால் குழப்பமே இல்லை.

பல்லாண்டுச் செடி என்றால்

பச்சைப்பயறு விதைத்தால் முளைத்து, பூத்து, காய்த்து, எழுபது எண்பது நாளில் கதை முடிந்துவிடும். அது ஒருபருவச் செடி. அது தன் சத்தையெல்லாம் விதையில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். பல்லாண்டுச் செடி ஒரு முறை காய்த்ததோடு சாவதில்லை. வந்த வரும்படியில் ஒரு பங்கை வேரிலும் அடித்தண்டிலும் முதலாகப் போட்டுவைக்கும். மண்ணுக்கு மேலே நாம் பார்க்கும் இலையும் பூவும் அந்தப் பருவத்துச் செலவு மட்டுமே. வெயில் கடுமையானால் செலவைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆடு கடித்தாலும், அரிவாள் பட்டாலும், முதல் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. மழை பெய்ததும் கட்டையிலிருந்து புதுத் தளிர் வரும்.

கொழிஞ்சி இந்த வகை. ஆலமரம் மாதிரி நூறு வருஷம் நிற்பதல்ல. சில ஆண்டுகள் வாழ்கிற, அடி கட்டை போட்ட சிறு செடி. வயலில் விதைத்து உழுதுவிடுகிறவர்கள் அதை ஒருபருவப் பயிராகவே நடத்துகிறார்கள், அது வேறு.

இப்படி நாம் ஒருபருவமாக நடத்துகிற இன்னொரு பல்லாண்டுச் செடி துவரை. அறுவடையோடு வெட்டிவிடுவதால் துவரையின் இயல்பே அதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். வேலியோரம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள், அடுத்த வருஷமும் பூக்கும். அவரைக் கொடியும் அப்படித்தான்.

இவ்வளவு மழை பெய்கிற ஊர் எப்படி வறண்ட நிலம்?

நியாயமான கேள்வி. புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ராஜஸ்தான்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது, சில வருஷம் ஒரே புயலில். பொங்கலுக்குப் பிறகு மாதக்கணக்கில் வானம் வெறிச்சென்று இருக்கும். இடையில் ஒரு கோடை மழை வந்தால் வரும். ஒரு செடிக்கு ஆண்டு மொத்தம் எவ்வளவு என்பதில் பயனில்லை. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மண்ணும் உதவுவதில்லை. ஆரோவில் மேடும் கேப்பர் மலையும் நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளும் நிற்பது கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயரிட்டிருக்கும் பாறை அடுக்கின் மேல். அது சிதைந்து வந்த செம்மண்ணில் இரும்பு நிறைய, மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, குறைவு. கொட்டும் மழை மேல்மண்ணை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். மரம் போன இடங்களில் ஆள் உயரத்துக்கு ஓடைப் பள்ளம் விழுந்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் வெயில் காலத்திலும் இலை உதிர்க்காமல் நிற்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் போனால் காயா, வீரை, கருங்காலி எல்லாம் கோடையிலும் அடர்ந்து நிற்கும். உலர் பசுமைமாறாக் காடு என்று இந்தக் காட்டு வகைக்கே பெயர். அங்கே மரங்கள் செய்வதைத் திறந்த வெளியில் கொழிஞ்சி சின்ன அளவில் செய்கிறது.

அதன் தண்ணீர்க் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆணிவேர் நேராக ஆழம் போகும். மேல்மண் காய்ந்தாலும் கீழே மிஞ்சிய ஈரம் கிடைக்கும். செடியின் அளவைப் பார்த்துவிட்டுப் பிடுங்கப் போனால் கை எரியும், வேர் வராது. சிற்றிலைகள் சின்னவை என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அகலமான இலை வெயிலில் சூடேறினால் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வேண்டும். குறுகிய சிற்றிலையின் மேல் லேசான காற்று பட்டாலே சூடு வெளியேறிவிடும், தண்ணீர் மிச்சம். இலையின் அடியில் படிந்திருக்கும் மெல்லிய ரோமம்தான் அந்தச் சாம்பல் நிறத்தைத் தருகிறது.

தழைச்சத்து: காற்றில் இருக்கிறது, கைக்கு எட்டாது

இந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி மண்ணுக்குள் நடக்கிறது.

இலை பச்சையாக இருக்கப் பச்சையம் வேண்டும், பச்சையத்துக்கும் புரதத்துக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனாலும் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டவை. அதை உடைத்து அம்மோனியா ஆக்க உரத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவைப்படுகின்றன. யூரியா மூட்டை அங்கிருந்துதான் புறப்படுகிறது.

அதே வேலையை மண்ணின் சாதாரண வெப்பத்தில் செய்யத் தெரிந்தவை சில பாக்டீரியாக்கள். பயறுக் குடும்ப வேர்களோடு சேர்ந்து வாழ்பவற்றை ரைசோபியம் என்கிறோம். பயறு வகைகள் காற்றிலிருந்து நைட்ரஜன் பெறுவது வேர்முடிச்சுகள் வழியாகத்தான் என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஜெர்மானியர்கள் 1880களில் நிறுவினார்கள். 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்தார். பயறு போட்ட நிலம் தெளியும் என்பது அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே உழவர்களுக்குத் தெரியும். காரணம்தான் அப்போது கிடைத்தது.

முடிச்சு உருவாகும் விதம் சுவையானது. தழைச்சத்துப் பற்றாக்குறை வந்ததும் வேர் சில வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அருகிலுள்ள ரைசோபியம் அதை உணர்ந்து தன் பங்குக்கு ஒரு சேர்மத்தைச் சுரக்கிறது. அது தன் கூட்டாளிதான் என்று வேர் கண்டுகொண்டால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை மடக்கிக்கொள்ளும், உள்ளே போகப் பாதை அமைக்கும், அந்த இடத்தில் செல்கள் பெருகி முடிச்சாகப் பருக்கும். வேறு கிருமி வந்து கதவைத் தட்டினால் இத்தனை மரியாதை கிடைக்காது.

உள்ளே ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனை உடைக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் சமாளிக்க முடிச்சுக்குள் நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் உருவாகிறது. அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து அளந்து கொடுக்கும். அதனால்தான் நன்றாக வேலை செய்கிற முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அது இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அல்லது முடித்துவிட்டது.

இதைக் கண்ணால் பார்க்கக் கொழிஞ்சியைப் பிடுங்க வேண்டாம்; காய்ந்த மண்ணில் முடிச்செல்லாம் உதிர்ந்து உள்ளேயே நின்றுவிடும். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் நிலக்கடலை களையெடுக்கும்போது ஒரு செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரெங்கும் கடுகளவு உருண்டைகள் இருக்கும்.

இது இலவசமாக நடக்கிற காரியமில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது பதினாறு ஏடிபி (செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் பொருள்) மூலக்கூறுகளின் ஆற்றல் செலவாகிறது. அதற்கான சர்க்கரையைச் செடிதான் இலையில் தயாரித்து அனுப்ப வேண்டும். ஆகவே மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். நிலக்கடலைக்கு யூரியாவை வாரி இறைத்தால் முடிச்சு குறைவதற்கு இதுதான் காரணம். கொழிஞ்சிக்கு ஓடையோரச் செம்மண் கட்டுப்படியாவதற்கும் இதுவே காரணம்: தழைச்சத்தே இல்லாத அந்த இடத்தில் வெயிலும் சர்க்கரையும் மட்டும் அதற்குத் தாராளம், புல்லுக்கு அந்த வசதி இல்லை.

பயறுக் குடும்பத்தில் ஏறத்தாழ 19,000 இனங்கள் இருக்கின்றன, எல்லாமே முடிச்சு போடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே செம்மண்ணில் கொழிஞ்சிக்குப் பக்கத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை போடாது. சரக்கொன்றை போடாது. புளியமரம் போடாது. குடும்பப் பெயரை மட்டும் பார்த்து ‘மண்ணுக்கு உரம் தரும்’ என்று எழுதிவிடுகிற குறிப்புகளை நம்பாமல் இருப்பது நல்லது.

இன்னொரு பரவலான நினைப்பும் உண்டு: பயறுச் செடி நட்டாலே பக்கத்துச் செடிக்குத் தழைச்சத்து போய்ச் சேரும் என்பது. உயிரோடு இருக்கும்வரை கொழிஞ்சி சம்பாதித்ததை அது தனக்கேதான் வைத்துக்கொள்கிறது. வெளியே கசிவது சொற்பம். இலை உதிர்ந்து, வேர் அழுகி, செடி மக்கும்போதுதான் மண்ணுக்கு வந்து சேரும். பசுந்தாள் உரப் பயிரை மடக்கி உழுவதன் சூட்சுமம் இதுதான்.

ஆடுமாடு ஏன் விட்டுவைக்கிறது

தழைச்சத்து நிறைந்த இலை என்றால் மேய்கிற விலங்குக்கு விருந்து. கேப்பர் மலைப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்களைக் கேட்டால், “அதுவா, கொளுஞ்சி. மாடு வாய் வைக்காதுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வேறு எதுவுமே இல்லையென்றால் ஆடு நுனியைக் கடிக்கும், அவ்வளவுதான்.

கொழிஞ்சியில் டெஃப்ரோசின் முதலான, ரோட்டினாய்டு வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. இந்த வகையில் பேர்போனது ரோட்டினோன், பூச்சிக்கொல்லியாகப் பல காலம் பயன்பட்டது. உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலை செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. ரோட்டினோன் அந்தத் தொடரின் முதல் கண்ணியிலேயே அடைத்துவிடும். ஆக்சிஜன் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் உயிர் திணறும். பூச்சிக்கும் மீனுக்கும் பாதிப்பு மிகக் கடுமை, ஏனென்றால் மீனுக்கு நஞ்சு செவுள் வழியாக நேரே இரத்தத்தில் இறங்கிவிடும். உலகின் பல பகுதிகளில் இந்தச் செடியையும் இதன் உறவுச் செடிகளையும் நசுக்கிக் குட்டையில் கலக்கி மீன் பிடித்திருக்கிறார்கள். யாராவது முயன்று பார்க்கலாமே என்று நினைத்தால், 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே நீரில் நஞ்சு கலப்பது குற்றம்.

மருந்துப் பேச்சையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சித்த, ஆயுர்வேத மரபில் கல்லீரல், மண்ணீரல் கோளாறுகளுக்கு இதன் வேர் பேசப்படுகிறது. மீனைத் திணறடிக்கும் பொருள் உள்ள செடியை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அளவுப்படி கஷாயம் வைத்துக் குடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. படித்த சித்த மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

விதையின் பொறுமை

மே மாதம் ஒரு சாயங்காலம் இடியோடு மழை பெய்கிறது. மண் நனைகிறது. அந்த ஈரத்தை நம்பி முளைத்த நாற்று அடுத்த வாரத்து அனலில் கருகும். விதைக்கு நாள்காட்டி தெரியாது. பொய் மழையையும் மெய் மழையையும் எப்படிப் பிரித்தறிவது?

கொழிஞ்சி விதையின் தோல் மெழுகு பூசியது போல இறுகியது. அதன் வெளிப்புறச் செல்கள் நெருக்கமாக நின்று தண்ணீரை உள்ளே விடாது. இப்படிப்பட்ட விதையைக் கடின விதை என்பார்கள். நாள்கணக்கில் ஊறவைத்தாலும் பல விதைகள் ஊறாமல் கல்லாகவே கிடக்கும். கொள்ளு வேகவைக்கும்போது ஒன்றிரண்டு பல்லில் கடிபடுமே, அதுவும் இதே குணத்தின் மிச்சம்தான்.

காய்க்காம்போடு ஒட்டியிருந்த இடத்தில் விதையில் ஒரு தழும்பு இருக்கும். இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த க்ளோவர், லூபின் விதைகளில் அந்தத் தழும்பு ஒரு வழிக் கதவாக வேலை செய்வதை 1954இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெளியே காற்று உலர்ந்திருந்தால் அது திறந்து உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடும். காற்று ஈரமானால் மூடிக்கொள்ளும். இதனால் விதை உலர்ந்துகொண்டே போகலாம், திரும்ப ஈரம் ஏறாது. எத்தனை அழகான ஏற்பாடு.

பிறகு எப்படித்தான் முளைப்பது? பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கி, மணலில் உரசி, மழைநீரோடு உருண்டு தோல் எங்கோ ஓரிடத்தில் விரிசல் விடுகிறது. எல்லா விதைக்கும் ஒரே நாளில் அல்ல. ஒரே செடியில் ஒரே வருஷம் விளைந்த விதைகளில் சில அந்த ஐப்பசியிலேயே முளைக்கும், சில அடுத்த வருஷம், சில அதற்கும் பிறகு. எந்த ஒரு மழை ஏமாற்றினாலும் வம்சம் அற்றுப்போகாது. ஒரு முறை வேரூன்றிய இடத்தில் கொழிஞ்சி யாரும் விதைக்காமலே ஆண்டுதோறும் தலைகாட்டுவது இதனால்தான்.

வயலில்

நிலத்திலேயே வளர்த்து அங்கேயே மடக்கி உழுவது பசுந்தாள் உரம். வேறிடத்திலிருந்து தழை வெட்டிக்கொண்டு வந்து மிதிப்பது பசுந்தழை உரம். கொழிஞ்சி இரண்டுக்கும் ஆகும். சணப்பையும் தக்கைப்பூண்டும் வேகமாக வளர்ந்து ஒன்றரை மாதத்தில் உழவுக்குத் தயாராகிவிடும். கொழிஞ்சி நிதானமானது, தழையும் அவற்றை விடக் குறைவு. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் ஒரு போகம் மட்டும் நெல் விளையும் நிலத்தில், சம்பா அறுத்த பிறகு ஆறேழு மாதம் தண்ணீரே இல்லாமல் தரிசு கிடக்கும்போது தக்கைப்பூண்டால் என்ன செய்ய முடியும்? அங்கே மீந்த ஈரத்தில் முளைத்து, கோடையைக் கடந்து, மேய்ச்சல் மாடு மேய்ந்தழிக்காமல் ஆடி வரை நிற்பது கொழிஞ்சிதான். வேலி போடத் தேவையில்லை என்பதே என் கணக்கில் பெரிய லாபம். மணல் கலந்த லேசான மண்ணில் நன்றாக வரும். தண்ணீர் தேங்கும் களியில் முயல வேண்டாம், அதற்குத் தக்கைப்பூண்டு இருக்கிறது.

பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். அதற்குமேல் விட்டால் தண்டு கட்டை போட்டு மக்குவது தாமதமாகும், சேர்த்த தழைச்சத்தும் விதைக்குப் போய்விடும். உழுதபின் நடவுக்கு முன் பத்து, பதினைந்து நாளாவது அழுக விட வேண்டும்.

இத்தனையும் இருந்தும் வரப்போரக் கொழிஞ்சியைக் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிட்டு, அடுத்த வாரம் யூரியாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நிற்பதை எங்கள் பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம். மூட்டை யூரியா செய்யும் அத்தனையையும் கொழிஞ்சி செய்துவிடாது, அது உண்மை. ஆனால் மக்கே இல்லாத செம்மண்ணுக்கு மூட்டையில் மக்கு வருவதில்லை.

வீட்டில் வளர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பழுப்பேறி முறுக்கத் தொடங்கும் முன் காயைப் பறித்து ஒரு காகிதப் பையில் போட்டு வெயிலில் வையுங்கள், உள்ளேயே வெடித்து விதை உதிரும். அப்படியே விதைத்தால் முளைப்பு ஒழுங்காக வராது. சொரசொரப்பான ஆற்று மணலோடு சேர்த்துக் கையால் நன்றாகத் தேயுங்கள். தோலின் பளபளப்பு மங்கினால் போதும். இல்லையென்றால் 55 டிகிரி அளவுக்குச் சூடாக்கிய நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்து ஆறவிட்டு விதைக்கலாம். தொட்டி ஆழமாக இருக்கட்டும், உரம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கொழிஞ்சி நிற்கிற இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் கலந்துவிட்டால் ரைசோபியமும் கூடவே வந்துவிடும். மேலே நாலு இலை மட்டும் விட்டு வாரக்கணக்கில் அப்படியே நின்றால் கவலைப்பட வேண்டாம், அது கீழே வேர் இறக்கிக்கொண்டிருக்கிறது.